கைத்தாங்கல்: மீட்டரில் விழாத ஒரு வேலையின் வரலாறு

1

"ஏறும்போது நல்ல கால் முதல்ல, எறங்கும்போது வீக் கால் முதல்ல. இத மாத்துனா ஆள் கீழ கெடப்பாங்க சார்."

காட்டுப்பாக்கம் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் நண்பர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. பக்கவாதத்தில் இடதுபக்கம் விழுந்துபோன என் அம்மாவை வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்குப் போரூர்ப் பக்கம் அழைத்துப் போகிறவர் அவர்தான். முதல் நாள் நான் அம்மாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் போனபோது கத்தினார்: "அங்க புடிக்காதீங்க, தோள் மூட்டு எறங்கிடும்." பிறகு செய்துகாட்டினார். பழைய வேட்டி ஒன்றை அகலமாக மடித்து இடுப்பைச் சுற்றிக் கட்டி, அதைப் பிடித்துத்தான் எழுப்ப வேண்டும். முதுகு சீட்டைப் பார்க்கிற மாதிரி நிறுத்தி, முதலில் உட்காரவைத்து, அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். மடக்கிய சக்கரநாற்காலியை முழங்காலில் இடிக்காமல் குறுக்கே செருகிக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். வழியில் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய பள்ளங்களில் எந்தச் சக்கரத்தை இறக்குவது என்பதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்.

இதையெல்லாம் அவருக்கு எந்த நிறுவனமும் கற்றுத்தரவில்லை. சவாரிகள்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. அந்தப் பக்கம் போய்வந்த ஒருவர்தான், 'என் கையப் புடிச்சு இழுக்காதீங்க, உங்க முழங்கையக் குடுங்க, நான் புடிச்சுக்கறேன்' என்று இவரைத் திருத்தினாராம். டயாலிசிஸ் முடிந்து வருபவருக்குத் தலை சுற்றும், இறங்கியவுடன் நிற்கவிடக் கூடாது என்பது இன்னொரு வீட்டில் கற்றது.

இந்த வேலைக்குப் பெயர் என்ன? லைசென்ஸைக் கேட்டால் ஓட்டுநர் என்கிறது. மீட்டரைக் கேட்டால் இத்தனை கிலோமீட்டர் என்கிறது. வீட்டில் கேட்டால் 'தெய்வம் மாதிரி வந்தாரு' என்கிறோம். அமெரிக்காவில் இதைப் பாராட்ரான்சிட் என்று அழைத்து, சட்டத்தில் எழுதி, அதற்கென வேனும் சம்பள ஓட்டுநரும் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் வேலை இருக்கிறது, பெயர் இல்லை. பெயரில்லாத வேலைக்கு வரலாறும் எழுதப்படுவதில்லை. ஆனால் வரலாறு இருக்கிறது. அதன் ஒரு பகுதி இதே ரோட்டில்தான் கிடக்கிறது.

2

மவுண்ட் - பூந்தமல்லி சாலை கம்பெனி காலத்து இரண்டு ராணுவ முகாம்களை இணைத்த பாதை. பரங்கிமலையில் பீரங்கிப் படை. பூந்தமல்லியில், நோயுற்ற வெள்ளைச் சிப்பாய்கள் உடல் தேறுவதற்கான முகாம். போருக்கு லாயக்கற்றுப்போன சிப்பாயை அன்றைய ராணுவ மொழி 'இன்வாலிட்' என்றது. நோயால் நலிந்தவன் என்று பொருள். அதே எழுத்துக்களைச் சற்று மாற்றி உச்சரித்தால் 'செல்லாதது' என்று பொருள். கள்ள நோட்டுக்கும் காலாவதியான பாஸுக்கும் சொல்கிற அதே சொல். இந்த இரட்டை அர்த்தத்தை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் இது சட்டப் புத்தகத்தில் திரும்ப வரும்.

மோட்டார் வருவதற்கு முந்தைய அந்தக் காலத்தில், நடக்க முடியாதவர்களைக் கட்டைவண்டியோ மனிதத் தோளோதான் கொண்டுசேர்த்தது. வசதி உள்ளவருக்குப் பல்லக்கு, காயம்பட்டவருக்கும் நோயாளிக்கும் டோலி. ஒரு மூங்கில், அதில் தொங்கும் துணி அல்லது கட்டில், முன்னும் பின்னும் ஆட்கள், கூடவே ஓடிவரும் மாற்றாட்கள். தூக்கியவர்களைப் பற்றி காலனிய ஆவணம் விட்டுச்சென்றிருப்பது என்ன? மதராஸ் ஆங்கிலத்தில் பல்லக்குத்தூக்கிக்கு 'பாய்' என்று பெயர். போயி என்ற சாதிப் பெயர் துரைமார் காதில் 'பையன்' என்று விழுந்து, நரைத்த தலைக்காரனையும் பையனாக்கியது. 1886இல் யூலும் பர்னலும் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இந்தக் குழப்பத்தைப் பதிவு செய்திருக்கிறது.

டோலியைப் பற்றி ஆங்கிலேயர்களிடையே ஒரு வேடிக்கைக் கதை உண்டு. இந்தியப் போர்க்களம் ஒன்றில் காயம்பட்டவர்களை டோலிகள் தூக்கிச்சென்றன என்ற செய்தி லண்டனுக்குப் போகிறது. பார்லிமெண்டில் ஒருவர் எழுந்து, மலையிலிருந்து பாய்ந்துவந்த மூர்க்கமான டோலிகள் நம் வீரர்களைக் கவர்ந்துபோய்விட்டார்கள் என்று குமுறினாராம். டோலி என்பது ஏதோ காட்டுமிராண்டிக் கூட்டம் என்று நினைத்துவிட்டார். கதை நடந்ததோ இல்லையோ, அந்தப் பிழைக்குள் ஒரு உண்மை இருக்கிறது. அறிக்கை எழுதியவருக்கு டோலி என்றால் கருவி மட்டும். அதன் கீழே ஓடிய எட்டுக் கால்கள் வாக்கியத்திலிருந்து காணாமல் போயிருந்தன. லண்டன் உறுப்பினர் தம் அறியாமையால் அங்கே மனிதர்களைத் திரும்பக் கொண்டுவந்தார், ஆனால் எதிரிகளாக. காலனியப் பிரதியில் சுமப்பவனுக்கு இந்த இரண்டு இடங்கள்தான்: ஒன்று மூங்கிலோடு மூங்கில், இல்லையென்றால் மூர்க்கன்.

தென்னாப்பிரிக்காவில் 1899-1902இல் நடந்த போயர் யுத்தத்தில் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையை எல்லோரும் அறிவோம். அவரே எழுதியிருப்பதன்படி ஏறத்தாழ 1,100 பேர். அவர்களில் சுமார் 300 பேர் சுதந்திர இந்தியர்கள், மீதி ஒப்பந்தக் கூலிகள். நேட்டால் தோட்டங்களுக்குப் போன கூலிகளில் பெரும்பகுதி சென்னை மாகாணத்துத் தமிழரும் தெலுங்கருமே. காயம்பட்ட வெள்ளைச் சிப்பாய்களை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி ஒரே நாளில் 20, 25 மைல் நடந்திருக்கிறார்கள். யுத்தம் முடிந்தபின் படைக்குத் தலைமைதாங்கிய சிலருக்குப் பதக்கம் கிடைத்தது. தோள் கொடுத்த நூற்றுக்கணக்கானோர் அந்த வரலாற்றில் ஒரு எண்ணிக்கையாக நிற்கிறார்கள். நம் தேசியக் கதையாடல் இந்தச் சம்பவத்தைச் 'சேவை' என்ற தலைப்பில் வாசிக்கிறது. அந்தச் சொல்லைப் பற்றியும் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

3

தோளிலிருந்து பாரம் கைக்கு இறங்கியது கைரிக்‌ஷாவில். 1973இல் மு. கருணாநிதி அரசு தமிழகத்தில் கைரிக்‌ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. மனிதனை மனிதன் வைத்து இழுப்பது இழிவு என்ற சுயமரியாதை வாதம் அரசாணையாக மாறிய தருணம் அது. கல்கத்தா தெருக்களில் கைரிக்‌ஷா அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடியது என்பதை வைத்துப் பார்த்தால் அந்த ஆணையின் எடை புரியும். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

அதே வாதம் 2022இல் வேறொரு இடத்தில் எழுந்தது. மயிலாடுதுறையில் தருமபுரம் ஆதீனத்தைப் பல்லக்கில் வைத்துச் சுமக்கும் பட்டினப்பிரவேசத்துக்கு வருவாய்க் கோட்டாட்சியர் தடை விதித்தார். எதிர்ப்பு கிளம்பியது, தடை விலக்கப்பட்டது, மே மாதம் பல்லக்கு போனது. மனிதன் மனிதனைச் சுமக்கலாமா என்ற கேள்வி மீண்டும் தொலைக்காட்சிவரை வந்தது. இரண்டு தரப்பும் பேசியது உயரத்தைப் பற்றி. மேலே இருப்பவருக்கு அந்த உயரம் மரபு தந்த உரிமையா, கீழே இருப்பவருக்கு இழைக்கப்பட்ட அவமானமா என்பதுதான் சண்டை. நான் கீழே இருப்பவரின் பக்கம்தான்.

ஆனால் இந்தச் சட்டகத்தில் என் அம்மாவுக்கு எங்கே இடம்? பல்லக்கில் போனவரால் நடக்க முடியும், நடக்காமலிருப்பதுதான் அவருடைய அதிகாரம். அம்மாவால் நடக்க முடியாது. அவரை ஒருவர் தூக்கியாக வேண்டும், தூக்கும்போது அவர் யாருக்கும் மேலே போய்விடவில்லை. அந்த நேரத்தில் அவரளவு அதிகாரமற்றவர் அந்தத் தெருவில் யாருமில்லை. நம் ஒழிப்பு அரசியல் அதிகாரத்தின் பொருட்டுச் சுமப்பதையும் தேவையின் பொருட்டுச் சுமப்பதையும் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்திருந்தால் 1973க்கு அடுத்த கேள்வி தானாக வந்திருக்கும். இழுப்பவர் விடுதலையானார், சரி. நடக்க முடியாதவரை இனி யார், எப்படி, என்ன கூலிக்குக் கொண்டுபோவது?

கேள்வி எழாததால் பதில் வீட்டுக்குள் தள்ளப்பட்டது. மகள், மருமகள், மனைவி தூக்கினார்கள். அவர்கள் இடுப்பு ஒடிந்தது எந்த இயக்கத்தின் கோரிக்கையிலும் ஏறவில்லை. வீட்டு வாசலைத் தாண்டிய பிறகு ரிக்‌ஷாக்காரர் தூக்கினார், அவருக்குப் பின் ஆட்டோக்காரர்.

இதில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பல்லக்கில் ஒரு கம்பு இருந்தது. சுமப்பவர் தொட்டது கம்பைத்தான், உடலை அல்ல. சாதிச் சமூகம் கண்டுபிடித்த பாதுகாப்பான தூரம் அந்த மூங்கில். ரிக்‌ஷாவிலும் அந்தத் தூரம் இருந்தது. நோயாளியை ஆட்டோவில் ஏற்றும்போது அது இல்லாமல் போகிறது. நண்பர் சொன்னார்: "ஒரு வீட்ல பதினஞ்சு வருஷமா வாசல்லயே நிறுத்தி தண்ணி குடுப்பாங்க சார், அதுவும் பிளாஸ்டிக் டம்ளர்ல. பெரியவரு கீழ விழுந்தாரு. அன்னிக்கு நேரா பெட்ரூம் வரைக்கும் போனேன். மார்ல சாச்சித்தான் தூக்கினேன்." அப்புறம்? "அப்புறமும் அதே பிளாஸ்டிக் டம்ளர்தான்." சிரித்துக்கொண்டே சொன்னார். தேவை எல்லையை அரை மணி நேரம் திறந்துவைக்கிறது. பிறகு மூடிக்கொள்கிறது. முதுமையில் சாதி கரைந்துவிடும் என்று கதை எழுதுகிறவர்கள் இந்த டம்ளரையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

4

இனி சட்டப் பிரதிக்கு வருவோம். 1988ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தில், உடல் குறைபாடு உள்ள ஒருவர் பயன்படுத்துவதற்கென்றே வடிவமைத்த வண்டிக்கு 'இன்வாலிட் காரேஜ்' என்று பெயர். பூந்தமல்லி முகாமின் சொல் சுதந்திர இந்தியாவின் சட்டத்தில் உட்கார்ந்திருந்தது. 2019 திருத்தத்தில்தான் அது நீக்கப்பட்டு, தகவமைக்கப்பட்ட வாகனம் என்ற பொருளில் புதிய சொல் வந்தது. இதற்கிடையே ஊனமுற்றோர் என்பதும் அரசு மொழியில் மாற்றுத்திறனாளிகள் ஆகிவிட்டது. சொற்கள் மாறியது நல்லது. சொல் மாறிய வேகத்தில் பேருந்தின் படி இறங்கவில்லை.

காரணம் பிரதிக்குள்ளேயே இருக்கிறது. 1995ஆம் வருடச் சட்டம் போக்குவரத்து நிறுவனங்கள் வசதி செய்துதர வேண்டும் என்று சொல்லிவிட்டு, 'தங்கள் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு' என்று ஒரு கதவைத் திறந்துவைத்தது. அதை மாற்றி வந்த 2016ஆம் வருடச் சட்டத்தின் 41ஆம் பிரிவு உரிமையின் மொழியில் பேசுகிறது. ஆனால் பழைய வாகனங்களை மாற்றியமைப்பதில் 'பொருளாதார ரீதியில் கட்டுப்படியானால்' என்ற அதே கதவு அங்கேயும் இருக்கிறது. அந்தக் கதவு வழியாகத்தான் போக்குவரத்துக் கழகங்கள் பல ஆண்டுகள் வெளியேறிக்கொண்டிருந்தன. ஊனமுற்றோர் உரிமைச் செயல்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயக்குமார் சென்னை உயர்நீதிமன்றத்தில் நடத்திய வழக்கின் சாரம், பேருந்தின் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டரா, 650ஆ, 400ஆ என்பதுதான். ஒரு குடிமகளின் குடியுரிமை மில்லிமீட்டரில் அளக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் சென்னையில் 58 தாழ்தளப் பேருந்துகள் ஓட ஆரம்பித்தன. அதற்கு முன் மூத்த குடிமக்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் (2016), மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் சாதாரணப் பேருந்தில் இலவசப் பயணம் (2021) எல்லாம் வந்துவிட்டன. டிக்கெட்டை இலவசமாக்குவது படியைத் தாழ்த்துவதைவிடச் சுலபம் என்பதை இந்த வரிசை காட்டுகிறது.

தனி வேன் வேண்டுமா, பொதுப் பேருந்து வேண்டுமா என்ற விவாதம் வெளியிலும் நடந்ததுதான். 1978 ஜூலையில் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஊனமுற்ற 19 பேர் சக்கரநாற்காலிகளோடு பேருந்துகளின் முன்னும் பின்னும் நின்று, ஓர் இரவு முழுக்க ரோட்டிலேயே கிடந்து மறித்தார்கள். அவர்கள் கேட்டது எல்லோரும் ஏறுகிற பஸ். 1990இல் வந்த அமெரிக்கச் சட்டம் இரண்டையும் தந்தது: புதிய பேருந்துகளில் லிஃப்ட், அதிலும் ஏற முடியாதவர்களுக்குப் பாராட்ரான்சிட். பேருந்துத் தடத்துக்கு இருபுறமும் முக்கால் மைலுக்குள் வேன் வர வேண்டும், கட்டணம் பேருந்தைப் போல இரு மடங்கைத் தாண்டக் கூடாது. முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும், நேரத்துக்கு வராது என்ற புகார்கள் அங்கே ஏராளம். ஆனாலும் புகார் செய்ய ஒரு சட்டம் இருக்கிறது. நம்மிடம் 108 இருக்கிறது, 2008இலிருந்து. அது உயிர் போகிற அவசரத்துக்கு. வாரம் மூன்று முறை வருகிற டயாலிசிஸ் அவசரம் இல்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது, வரவேற்க வேண்டியதுதான். ஆனால் என் அம்மா மாத்திரைக்காக மட்டும் வெளியே போக விரும்புகிறவர் இல்லை. மாங்காட்டு அம்மனைப் பார்க்க வேண்டும், தம்பி வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே எந்தத் திட்டமும் அவரைத் தூக்கிக்கொண்டு போகாது.

5

தாழ்தளப் பேருந்து எல்லாத் தடத்திலும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். காட்டுப்பாக்கத்தில் ரோட்டுக்கு மேலே மெட்ரோ தூண்கள் எழுந்துவிட்டன, அதன் நிலையத்தில் லிஃப்டும் இருக்கும். ஆனால் எங்கள் வீடு முதல் மாடியில், பதினெட்டுப் படி. தெருவில் நடைபாதை கிடையாது. படுக்கையிலிருந்து பேருந்து நிறுத்தம் வரையிலான அந்த 600 மீட்டரை எந்த மில்லிமீட்டர் தீர்ப்பும் கடக்கப்போவதில்லை. அங்கே ஒரு மனிதக் கை வேண்டும். சட்டத்துக்கு இது தெரியும். அதே 41ஆம் பிரிவு, நடமாட்டத்துக்கு ஆள் துணை தரும் திட்டங்களை அரசு உருவாக்க வேண்டும் என்கிறது. அந்த ஆள் ஏற்கெனவே ஸ்டாண்டில் நின்றுகொண்டிருக்கிறார் என்பதைத்தான் யாரும் கவனிக்கவில்லை.

அவருக்கு என்ன கூலி? 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்த ஆட்டோ கட்டணம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12, காத்திருப்புக்கு ஐந்து நிமிடத்துக்கு மூன்றரை ரூபாய். பத்தாண்டுகளுக்கு மேல் இது மாறவில்லை. நான்கு கிலோமீட்டருக்கு 51 ரூபாய் 40 காசு. மாடியிலிருந்து அம்மாவை இறக்கி உட்காரவைக்க இருபது நிமிடம் ஆகும். அரசுக் கணக்கில் அது 'காத்திருப்பு', 14 ரூபாய். உடம்பிலேயே மிகக் கடினமான வேலையைச் செய்துகொண்டிருக்கும் நேரத்தை மீட்டர் சும்மா நிற்கும் நேரமாகப் பதிகிறது. சென்னையில் யார் மீட்டர் போடுகிறார்கள் என்று நீங்கள் சிரிக்கலாம். பேரம்தான், சரி. அந்தப் பேரத்தில் தூக்கும் வேலைக்கு எப்படி விலை வைப்பது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. "தூக்குனதுக்குக் காசு கேட்டா அசிங்கமா இருக்கு சார்" என்கிறார். கொடுக்காமல் வந்தால் எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

இந்த அசிங்கத்தை உற்பத்தி செய்வது 'சேவை' என்ற சொல். தமிழக ஆட்டோக்களின் முதுகில் எழுதியிருக்கும் 'பிரசவத்திற்கு இலவசம்' என்ற வாசகத்தை யோசித்துப் பாருங்கள். எந்த அரசும் சொல்லாமல் தொழிலாளிகள் தாங்களாக எழுதிக்கொண்ட அறம் அது, அதை நான் வணங்குகிறேன். ஆனால் பிரசவம் ஒரு குடும்பத்தில் எப்போதாவது வருவது. முதுமை வாரம் மூன்று நாள் வருகிறது, பத்து வருடம் வருகிறது. அதை இலவசம் என்று எழுதிக்கொண்டால் ஓட்டுநரின் அடுப்பு எரியாது. எழுதாமல் விட்டால் 'வீல்சேர் சவாரியா, வேற வண்டி பாருங்க' என்று ஆப்பில் கேன்சல் ஆகிறது. கேன்சல் செய்கிற ஓட்டுநரைத் திட்டுவது சுலபம். அவர் மறுப்பது மனிதரை அல்ல, கூலியில்லாத இருபது நிமிடத்தை.

கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிற தொழிலாளிக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி உண்டு, சங்கம் உண்டு. 1982ஆம் வருட உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டம் அவர் தொழிலுக்குப் பெயர் வைத்திருக்கிறது. சபரிமலையில் பக்தரைத் தூக்கும் டோலித் தொழிலாளர்களுக்குக் கட்டணம் நிர்ணயிக்கப்படுகிறது. 2024 டிசம்பரில் கட்டண முறையை எதிர்த்து அவர்கள் டோலியைக் கீழே வைத்துவிட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலைக்குப் பெயரும் விலையும் இருந்ததால்தான் நிறுத்தவும் முடிந்தது. ஆட்டோ ஓட்டுநர், அமைப்புசாரா ஓட்டுநர் நலவாரியத்தில் ஓட்டுநராக மட்டுமே பதிவாகிறார். தூக்கித் தூக்கி அவர் முதுகுத்தண்டு தேய்ந்தால் அது தொழில்சார்ந்த நோயா, சொந்த விஷயமா என்று கேட்கக்கூட ஒரு கலம் அந்தப் படிவத்தில் கிடையாது.

ஆட்டோ சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் கட்டணம், பெட்ரோல் விலை, ஆன்லைன் அபராதம், ஆப் கம்பெனிகள் எல்லாம் இருக்கின்றன. ஊனமுற்றோர் உரிமை அமைப்புகளின் பட்டியலில் தாழ்தளம், சாய்தளம், லிஃப்ட், வேலைவாய்ப்பு இருக்கின்றன. இரண்டும் நியாயமான பட்டியல்கள். இரண்டிலும் படுக்கைக்கும் வண்டிக்கும் இடையே இருக்கும் அந்த இருபது நிமிடம் இல்லை. இந்த இரண்டு பட்டியல்களையும் ஒரே மேஜையில் வைத்துப் பேச வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கோரிக்கை. ஏற்றி இறக்குவதற்கென்று அறிவிக்கப்பட்ட ஒரு கட்டணம். அதைப் பயணி தலையில் கட்டாமல் அரசு ஏற்பது. விருப்பமுள்ள ஓட்டுநருக்குப் பயிற்சி, முதுகுக்குக் காப்பீடு. சொல்லித்தருபவர்களாக, அந்த முழங்கைப் பாடம் எடுத்தவரைப் போன்ற பயணிகள். இவை பெரிய புரட்சிகள் அல்ல.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நண்பரிடம் தலைப்பு கேட்டேன். 'சுமத்தல்' என்று வைக்கலாம் என்றிருந்தேன். அம்மா பக்கத்தில் சக்கரநாற்காலியில் இருந்தார். நண்பர் குரலைத் தாழ்த்தி, "சுமைன்னு எழுதாதீங்க சார், பெரியம்மா காதுல விழுந்தா மனசு ஒடஞ்சிடும். நாங்க ஒண்ணும் மூட்ட தூக்கல. கைத்தாங்கலா கூட்டிட்டுப் போறோம், அவ்ளோதான்" என்றார்.

அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். "கைத்தாங்கல்னு எழுதுடா" என்றார். "அப்படியே அந்தப் புள்ளைக்கு என்ன கூலின்னும் சேத்து எழுது."